பழியைப் பணத்தின்மேல் போடுவது

அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் தலையங்கங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: ஆயுத லாபியின் பணத்துக்கு அந்நாட்டு அரசியல்வாதிகள் விலைபோய்விட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதை நாமும் வாங்கித் திருப்பிச் சொல்கிறோம். காசு வாங்கிக்கொண்டு கை தூக்குவது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல என்பதால் சட்டென்று நம்பவும் முடிகிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவன் நான். அதனால்தான் இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இது பெரும்பாலும் பொய். பொய்யாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். சோம்பலுக்குச் சாக்காகவும் இருக்கிறது.

அமெரிக்காவில் யார் துப்பாக்கி வாங்கலாம், யார் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்கு வரலாம் என்பதில் பெரும்பகுதியை வாஷிங்டன் தீர்மானிப்பதில்லை. 50 மாநிலத் தலைநகரங்களில் இருக்கும் சட்டமன்றங்கள் தீர்மானிக்கின்றன. லாபி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது விலையுயர்ந்த கோட்டும் பெட்டியுமாக ஓர் ஆள். மாநிலச் சட்டமன்றத்து வராந்தாவில் உண்மையில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சொந்த வண்டியில், சொந்தச் செலவில் வந்தவர்.

வர்ஜீனியாவைப் பாருங்கள். என்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைமையகமே அந்த மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸில்தான் இருக்கிறது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அடுத்த ஆண்டு, துப்பாக்கிச் சந்தைகளில் தனியார் விற்கும் துப்பாக்கிகளுக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம் என்ற மசோதாவோடு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போனார்கள். மசோதா தோற்றது.

யாரிடம் தோற்றது? வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தன்னார்வலர்களால் ஓடுவது. மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை வரும் ஜனவரி மாதத் திங்கட்கிழமை, வேலைக்குப் போக வேண்டாத நாள் என்பதால், ஆண்டுதோறும் அதன் உறுப்பினர்கள் ரிச்மண்டில் கூடுவார்கள். துப்பாக்கிகள் உயிர் காக்கும் என்று அச்சிட்ட ஆரஞ்சு நிற வட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உறுப்பினர்களின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார்கள். எந்த மசோதா, அதன் எண் என்ன, எந்தத் துணைக்குழுவில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எதிர்த்தரப்பிலிருந்து வருபவர் ஒரு துயரத்தைச் சுமந்துகொண்டு முதல்முறையாக அந்தப் படியேறுகிறார். இவர் பதினைந்தாவது ஆண்டாக ஏறுகிறார். அலுவலக உதவியாளர் பெயர் சொல்லி வரவேற்கிறார்.

2019 மே மாத இறுதியில் வர்ஜீனியா பீச்சில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் ரால்ஃப் நார்தம் ஜூலை 9 அன்று சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். ரிபப்ளிகன் பெரும்பான்மை ஒன்றரை மணி நேரத்தில் அதை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போனது. நவம்பர் தேர்தலில் இரு அவைகளும் டெமாக்ரட்டுகள் கைக்கு வந்தன. அந்தத் தேர்தலில் பணம் எந்தப் பக்கம் இருந்தது? கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் பின்பலம் கொண்ட, துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் எவ்ரிடவுன் அமைப்பு சுமார் 25 லட்சம் டாலர் இறக்கியது. சொந்த ஊரிலேயே என்.ஆர்.ஏ. செலவிட்டது அதில் ஒரு சிறு பங்கு.

பணம்தான் எல்லாம் என்றால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தேர்தல் முடிந்த சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள், புதிய துப்பாக்கிச் சட்டங்களை எங்கள் எல்லைக்குள் அமல்படுத்த மாட்டோம் என்ற தொனியில் தீர்மானம் போட்டன. சட்டப்படி அவற்றுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனால் வழக்கமாகப் பத்துப் பேர் கூட வராத மாவட்ட மன்றக் கூட்டங்களில் மண்டபம் கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள். 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் திரண்டார்கள். ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்துச் சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதங்களைத் தடை செய்திருந்தார். வேலிக்கு வெளியே ஏறத்தாழ 16,000 பேர். அவர்களில் பலர் தோளில் ரைஃபிளோடு நின்றார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் மொய்த்தது அவர்களைத்தான். துப்பாக்கியை வீட்டிலோ வண்டியிலோ வைத்துவிட்டு, உலோகச் சோதனை வாசலில் வரிசையில் நின்று உள்ளே போன 6,000 பேரும், அவர்களில் உறுப்பினர் அறைக் கதவைத் தட்டியவர்களும் படத்தில் அவ்வளவாக வரவில்லை. அன்று வேலை செய்தவர்கள் அவர்கள். கலவரம் வரும் என்று உலகமே எதிர்பார்த்த நாள் ஒரே ஒரு கைதோடு கழிந்தது.

ஒரு மாதத்துக்குள், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுக்கும் மசோதா மேலவையின் நீதிக்குழுவுக்கு வந்தது. கீழவையில் 51-க்கு 48 என்று தப்பிப் பிழைத்து வந்த மசோதா. குழுவில் 10-க்கு 5 என்று அந்த ஆண்டுக்கு ஓரங்கட்டப்பட்டது. ரிபப்ளிகன்களோடு சேர்ந்து வாக்களித்த நால்வர் டெமாக்ரட்டுகள். என்.ஆர்.ஏ. காசு கொடுத்து அவர்களை வாங்கியது என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. அவர்கள் தங்கள் தொகுதிக்குள்ளிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளைக் கணக்கிட்டிருப்பார்கள் என்பதே என் கணிப்பு. மற்றபடி பின்னணிச் சோதனையை விரிவுபடுத்தும் சட்டம், அபாயகரமானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின்பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பெறும் சட்டம், மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி என்ற பழைய வரம்பு எல்லாம் அதே கூட்டத்தொடரில் நிறைவேறின. 22,000 பேர் வந்ததால் எல்லாமே நின்றுவிடவில்லை. எதை அவர்கள் உயிராக நினைத்தார்களோ அது நின்றது.

இதற்கு ஏழாண்டு முன்பே கொலராடோ இந்தப் பாடத்தை இன்னும் கொடூரமாக நடத்திக் காட்டியிருந்தது. அரோரா திரையரங்கிலும் சாண்டி ஹுக் பள்ளியிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, 2013-இல் அம்மாநிலம் 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடை செய்தது. தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனையைக் கொண்டுவந்தது. உடனே, அவற்றை ஆதரித்த உறுப்பினர்களை வாக்கெடுப்பு மூலம் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் இயக்கம் தொடங்கியது. மேலவைத் தலைவர் ஜான் மோர்ஸும், பியூப்லோவின் ஏஞ்சலா ஹிரோனும் இலக்குகள். பியூப்லோவில் அதை முன்னின்று நடத்தியவர் ஒரு பிளம்பர். மோர்ஸ், ஹிரோன் இருவரையும் காப்பாற்றத் திரண்ட பணம், எதிர்த்தரப்பின் பணத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு; ப்ளூம்பெர்க் மட்டுமே மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தார். செப்டம்பர் 10 அன்று இருவரும் பதவி இழந்தார்கள். மோர்ஸ் தோற்றது முந்நூற்றுச் சொச்சம் வாக்குகளில். ஹிரோனின் தொகுதியோ ஒபாமாவுக்குத் தாராளமாக வாக்களித்த தொகுதி. அஞ்சல் வாக்கு இல்லாமல் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டியிருந்தது என்பது உண்மைதான். அந்தச் சிரமம் இரு தரப்புக்கும் பொது. வந்தவர்கள் வந்தார்கள்.

இனி என்.ஆர்.ஏ.வின் கதை. 2020-இல் நியூயார்க் தலைமை வழக்கறிஞர் அதன்மீது வழக்குத் தொடர்ந்தார். 2021 ஜனவரியில் அது டெக்சாஸில் திவால் மனு போட்டது. மே மாதம் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. முப்பதாண்டுக்கும் மேலாக அதை ஆண்ட வேய்ன் லாபியேர் 2024 ஜனவரியில் விலகினார். சங்கப் பணத்தைச் சொகுசுக்குச் செலவிட்டதற்காக 43 லட்சம் டாலருக்கும் மேல் அவர் திருப்பித்தர வேண்டும் என்று அடுத்த மாதமே ஜூரி சொன்னது. கஜானா கலங்கி, தலைமை சிதறி, மானமும் போன ஆண்டுகள் அவை. அதே 2021 முதல் 2024 வரையிலான நான்காண்டுகளில்தான் 13 மாநிலங்கள் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லலாம் என்று சட்டம் செய்தன. மொத்தக் கணக்கு 29. பணம்தான் இயந்திரம் என்பவர்கள், எரிபொருள் தீர்ந்த பிறகு வண்டி எப்படி வேகமெடுத்தது என்று விளக்க வேண்டும்.

விளக்கம் மாநிலச் சட்டமன்றங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. டெக்சாஸில் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடுகிறது; உறுப்பினருக்கு மாதம் 600 டாலர். நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் 400 பேர். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். அங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. யாரும் எழுந்து பேசலாம். இப்படிப்பட்ட உறுப்பினருக்கு வேறு பிழைப்பு இருக்கும், பெரிய அலுவலகம் இருக்காது. ஒரு மசோதா குறித்து ஒரே வாரத்தில் ஐம்பது பேர் கூப்பிட்டால் அது அவருக்கு வெள்ளம். கருத்துக்கணிப்பு அவரைக் கூப்பிடுவதில்லை. எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று அமெரிக்கர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சொல்கிறார்கள்; சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2017-இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் இந்த விஷயத்துக்காக ஓர் அரசு நிர்வாகியையோ பிரதிநிதியையோ தொடர்புகொண்டதாகச் சொன்னார். துப்பாக்கி இல்லாதவர்களில் அப்படிச் சொன்னது ஏறத்தாழ எட்டில் ஒருவர்.

அழைப்புக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், கூப்பிட்டவர் கட்சிக்குள் நடக்கும் முதனிலைத் தேர்தலுக்கும் வருவார். டென்னஸியில் டெப்ரா மேகார்ட் என்ற ரிபப்ளிகன் தலைவர் துப்பாக்கி ஆதரவாளர்தான், என்.ஆர்.ஏ.வின் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர். ஊழியர்கள் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு மசோதாவை அவர் வாக்கெடுப்புக்கு விடவில்லை. 2012 முதனிலைத் தேர்தலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே என்.ஆர்.ஏ. பணமும் செலவழித்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் எழுந்த விளம்பரப் பலகைகளைப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் வெயிலில் வாக்குச்சாவடிக்கு வர ஆள் இருந்தது. அதைப் பணத்தால் ஓரிரவில் தயாரிக்க முடியாது.

இந்தக் கூட்டத்தின் அடாவடியை நான் பூசி மெழுகவில்லை. 2015-இல் டெக்சாஸில் ஓர் உறுப்பினரின் அறைக்குள் புகுந்து தகராறு செய்தார்கள். அறைகளில் அபாய மணி வைத்துக்கொள்ள அவை விதி செய்தது. 2019-இல் அவைத்தலைவர் டென்னிஸ் பொன்னனின் வீடு வரை ஒருவர் போனார். விளைவு, உரிமமில்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல விடும் மசோதாவை அந்தத் தொடரில் பொன்னன் மண்ணோடு மண்ணாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் எல் பாஸோவில் நடந்த சூட்டில் 23 பேர் மாண்டார்கள். இருந்தும் 2021-இல் மசோதா மீண்டும் வந்தது. டெக்சாஸ் வாக்காளர்களில் 59 விழுக்காட்டினர் அதை எதிர்ப்பதாக டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிப்பு சொன்னது. காவல்துறைத் தலைவர்கள் பலர் வந்து வேண்டாம் என்றார்கள். மசோதா சட்டமானது. அந்த 59 விழுக்காட்டினரில் எத்தனை பேர் ரிபப்ளிகன் முதனிலைத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் என்பதே மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் எண்ணப்பட்ட எண்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 2023 மார்ச்சில் நாஷ்வில் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டபின் ஆயிரக்கணக்கானோர் டென்னஸி சட்டமன்றத்தை நிறைத்தார்களே, என்ன கிடைத்தது? அவையில் குரலெழுப்பிய இரண்டு இளம் உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் கூடிய சிறப்புத் தொடர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைத் தொடாமலே கலைந்தது. உண்மை. தொகுதி எல்லைகளை வெட்டி ஒட்டி ஒரு கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை அமைத்த இடத்தில் கூட்டம் மட்டும் போதாது. ஆனால் அந்தத் தடைக்குப் பெயர் தொகுதி வரையறை. அதற்கும் பணத்தைக் காட்டுவது நோயைத் தவறாகச் சொல்வது. அப்படிச் சொல்லும் மருத்துவரிடம் யாரும் இரண்டாம் முறை போவதில்லை. நாம் மட்டும் தலையங்கத்துக்குத் தலையங்கம் போய்க்கொண்டிருக்கிறோம்.

துப்பாக்கிச் சூடு நடந்த ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளி மாணவர்கள் இந்த வேலையை விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் இறந்தார்கள். அடுத்த வாரமே பிழைத்த பிள்ளைகள் பேருந்தேறி டாலஹாஸி போனார்கள். என்.ஆர்.ஏ.வுக்காக லாபி செய்த மேரியன் ஹாமர் என்ற ஒற்றைப் பெண்மணி நாற்பதாண்டாகக் கோலோச்சிய தலைநகரம் அது. மார்ச் 9-க்குள், துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கும் சட்டத்தில் ரிபப்ளிகன் ஆளுநர் கையெழுத்திட்டார்.

பதின்வயதினர் செய்ததைப் பெரியவர்களும் மெல்லச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். 2020-இல் ரிச்மண்டில் அந்த மசோதாவை ஓரங்கட்டிய நான்கு டெமாக்ரட்டுகளில் ஒருவர் சாப் பீட்டர்சன். 2023 ஜூனில் அவர் தன் கட்சியின் முதனிலைத் தேர்தலில் புதியவரான சதாம் சலீமிடம் தோற்றார். பிரச்சாரத்தில் அவரைத் துரத்தியவற்றில் ஒன்று, அந்தக் குழுவில் போட்ட அந்த ஒரு வாக்கு. அடுத்த ஆண்டு அதே தடை மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் கிளென் யங்கின் அதைத் தன் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அவர் மேசையில் அப்போது நிறுத்துவதற்கு ஏறத்தாழ முப்பது துப்பாக்கி மசோதாக்கள் இருந்தன.