கால்வாய்க் கரையில் எமக்கும் ஒரு பாதை உண்டு

ஜேர்மனியில் தஞ்சம் புகுந்த எம்மவர்கள் இந்நாட்டில் வாழத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வேலைத்தலத்திற்குச் செல்லும் வழி எமக்குத் தெரியும். தமிழ்க் கடைக்குச் செல்லும் வழி தெரியும். திருமண மண்டபங்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் செல்லும் அதிவேக வீதிகளின் இலக்கங்கள் எமது பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆயினும் அவ்வீதிகளுக்கு அப்பால், மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத பாதைகள் வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவே நெடுந்தூரம் நீண்டு கிடக்கின்றன. அவற்றை எமது குடும்பங்களில் எத்தனை அறிந்திருக்கின்றன? அப்பாதைகளில் துவிச்சக்கரவண்டியில் செல்வது எமது குடும்ப வாழ்வின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஹம் நகரின் ஊன்றொப் பகுதியில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தை அறியாத தமிழர் ஐரோப்பாவில் அரிது. 2002 ஆம் ஆண்டு ஜூலை மாதம் குடமுழுக்குக் கண்ட அவ்வாலயத்தின் தேர்த் திருவிழாவிற்குப் பல நாடுகளிலிருந்தும் அடியார்கள் திரளுகின்றனர். தேரின் மறுநாள் அம்பாள் தீர்த்தமாடுவது அருகே ஓடும் கால்வாயில் ஆகும். டாற்றெல்ன் - ஹம் கால்வாய் என்பது அதன் பெயர். அதே நீரின் கரையோரமாக மேற்கு நோக்கிப் பல மணி நேரம் செல்லத்தக்க பாதை ஒன்று உண்டு என்பதைத் தீர்த்தத்திற்கு வந்து திரும்பும் எம்மவர்கள் கவனிப்பதில்லை.

இக்கால்வாயின் வரலாறு சுருக்கமானது. றூர் பிரதேசத்தின் நிலக்கரியையும் ஆலைப் பொருட்களையும் கொண்டு செல்வதற்காக வெட்டப்பட்ட கால்வாய் வலையின் ஒரு கிளை இது. டாற்றெல்னில் இருந்து ஹம் வரையான பகுதி 1914 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்னர் 1933 இல் கிழக்கே ஊன்றொப் பக்கமாக நீட்டப்பட்டது. மொத்த நீளம் 47 கிலோ மீற்றர் அளவாகும். லிப்பே ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியே அது செல்கிறது. அவ்வாற்றின் நீரையே பெருமளவிற்குப் பெறுகிறது. ஆற்றில் நீர் குறையும் காலங்களில் ரைன் நதிப் பக்கத்திலிருந்து படிப்படியாக நீர் மேலேற்றப்பட்டு இக்கால்வாய் வலைக்கு வந்து சேருகிறது. றூர் பிரதேசத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. கரிக்காக வெட்டிய கால்வாயின் கரை இன்று மக்களின் உலாவுக்கும் உதவுகிறது.

கரைப்பாதை கால்வாயைப் பராமரிப்பவர்களின் தேவைக்காக அமைக்கப்பட்டது. பொதுமக்கள் தத்தமது பொறுப்பில் நடக்கவும் துவிச்சக்கரவண்டியில் செல்லவும் அங்கு இடமளிக்கப்படுகிறது. பல பகுதிகளில் பாதை தாரிடப்படாதது. உடைகல்லையும் மணலையும் பரப்பி இறுக்கிய, எம்மவர் 'கிரவல்' என்று சொல்லும் தரையே அது. மழைநீர் அதனுள் இறங்கிவிடும். ஹம் நகருக்கும் டாற்றெல்னுக்கும் இடையே கப்பல்களை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு ஒன்றுகூட இல்லை. நீர்மட்டம் முழுவதும் ஒன்றே என்பதனால் கரையிலும் பாலங்களின் அருகே தவிர ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஒரு புறம் சரக்குக் கப்பல் மெல்ல நகரும். மறுபுறம் சோள வயல், மேய்ச்சல் நிலம், சிறு காடு என்று காட்சி மாறும். லிப்பே ஆற்றின் ஈரநிலங்களில் செங்கால் நாரை கூடு கட்டி வாழ்கிறது. சில இடங்களில் துறைமுகத்தையோ ஆலையையோ சுற்றிக்கொண்டு வீதிக்கு ஏற வேண்டியிருக்கும், அவ்விடங்கள் குறுகியவை.

இவ்வளவு அருகில் இருந்தும் நாம் ஏன் செல்வதில்லை? காரணங்கள் உண்டு, அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

முதலாவது, எல்லை. 1982 ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பம் முடிவாகும் வரை அகதி தனக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறலாகாது என்று விதித்தது. மீண்டும் மீண்டும் மீறுவது தண்டனைக்குரிய குற்றம். ஹம் நகரில் புறப்பட்டு இக்கால்வாயின் வழியே டாற்றெல்ன் சென்றால் ஊனா மாவட்டத்தையும் றெக்லிங்ஹவுசன் மாவட்டத்தையும் மிதிக்க வேண்டும். அன்று அனுமதிக் கடிதமின்றி அவ்வாறு சென்ற அகதி ஒவ்வோர் எல்லையிலும் சட்டத்தை மீறியவராவார். 2015 ஜனவரியில் வந்த சட்டத்திருத்தம் இக்கட்டுப்பாட்டைப் பெருமளவில் தளர்த்தியது. ஆரம்ப முகாம்களில் தங்கவைக்கப்படும் புதியவர்களை அது இன்றும் பிணைக்கிறது. ஆண்டுக்கணக்காக எல்லைக்குள் வாழப் பழகிய மனம், கடிதம் தேவைப்படாத காலத்திலும் தெரிந்த வீதியை விட்டு விலகத் தயங்குகிறது.

இரண்டாவது, அச்சம். 1993 மே 29 அதிகாலையில் சோலிங்கன் நகரில் துருக்கிய வம்சாவழிக் குடும்பம் ஒன்றின் வீட்டிற்குத் தீ வைக்கப்பட்டு, பெண்களும் சிறுமியருமாக ஐவர் மாண்டனர். அக்காலத்தில் இங்கு வாழ்ந்த எமது தாய்மாரும் தந்தையரும் ஆளரவமற்ற இடங்களைத் தவிர்த்தது முற்றிலும் நியாயம். அந்த அச்சத்தை இல்லாதது போல் பேச நாம் விரும்பவில்லை. தனியாகச் செல்லத் தயங்குவோர் நான்கு குடும்பங்களாகச் செல்லலாம். கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க் கரை வெறிச்சோடிக் கிடப்பதில்லை. கைக்குழந்தையுடன் வருவோரும், முதியோரும், எம்மைப் போன்று வேறு நாடுகளிலிருந்து வந்தோரும் அங்கு உலாவுகின்றனர்.

மூன்றாவது காரணம் கௌரவம் சார்ந்தது. துவிச்சக்கரவண்டி வறுமையின் அடையாளம், கார் முன்னேற்றத்தின் அடையாளம் என்னும் எண்ணம் எம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. 1990 இல் யாழ். குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் இல்லாத ஊரைச் சுமந்தது எது? விறகும் நெல்லும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இடப்பெயர்வின்போது கரியரில் கட்டிய ஒரு மூட்டையே பல குடும்பங்களின் முழுச் சொத்தாக இருந்தது. எம்மை அவ்வாறு காத்த வாகனத்தை இங்கு வந்து ஏளனமாக நோக்குவது பொருந்துமா? இந்நாட்டில் மருத்துவரும் பேராசிரியரும் அதில் செல்வதைத் தினமும் காண்கிறோமே.

எமது பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடித் திரிந்த பெண்கள் பலர், திருமணமாகி இங்கு வந்த பின் அதைத் தொடவேயில்லை. ஒருபோதும் பழகாதவர்களும் உண்டு. கணவரோ மகனோ காரில் ஏற்றிச் சென்றால்தான் வெளியே செல்லலாம் என்ற நிலையில் பலரது ஆண்டுகள் கழிகின்றன. வாகன நெரிசலுள்ள வீதியில் நாற்பது வயதில் பழகுவது கடினம். கால்வாய்க் கரை அதற்கு ஏற்ற இடம். விழுந்தாலும் பின்னால் கார் வராது. தரை இறுக்கமாகவும் பாதை அகலமாகவும் உள்ள இடத்தில் ஆசனத்தைத் தாழ்த்தி, இரு கால்களும் நிலத்தில் ஊன்றும்படி வைத்து, நீரிலிருந்து விலகித் தொடங்கினால் போதும். பல நகரங்களில் வயது வந்த பெண்களுக்கென்றே பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. நகரசபை அலுவலகத்தில் விசாரித்தால் விபரம் கிடைக்கும்.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. தெற்காசிய மக்களிடையே நீரிழிவும் இருதய நோயும் ஐரோப்பியரைவிட அதிகமாகவும் இளவயதிலும் வருகின்றன என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. லூனன் நகரிலிருந்து ஹம் வரை கால்வாய் வழியே 25 கிலோ மீற்றர் அளவில் வரும். நிதானமாக மிதித்தாலும் அந்த 150 நிமிடங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் நிறைவேறிவிடும். முழங்கால் வலியுள்ள முதியோருக்கு மின்சார உதவியுடைய வண்டி உண்டு. மணிக்கு 25 கிலோ மீற்றர் வேகத்துடன் அதன் உதவி நின்றுவிடுவதால் சட்டம் அதனைத் துவிச்சக்கரவண்டியாகவே கருதுகிறது; சாரதி அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

புறப்படுவோர் சிலவற்றை மனதிற் கொள்ள வேண்டும். கிரவல் தரைக்கு மெல்லிய ரயர் ஏற்றதல்ல. சற்று அகலமான ரயரில் காற்றைச் சிறிது குறைவாக வைத்தால் வண்டி சறுக்காது. தளர்ந்த கல்லில் முன் பிறேக்கைத் திடீரென இறுக்கலாகாது. மேலதிக ரியூப் ஒன்றும் காற்றடிக்கும் பம்மும் கூடவே இருக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது நீர். கால்வாயின் கரைகள் பல இடங்களில் செங்குத்தான இரும்புச் சுவர்களால் ஆனவை. தவறி விழுந்தவர் நீந்தத் தெரிந்தவராயினும் ஏறி வருவது கடினம். ஆகவே சிறுவர்கள் கரையோரமாகச் செல்லாது, பெரியவர்கள் நீர்ப்பக்கமாகச் செல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதையும் இனிப் பிற்போடலாகாது.

இதனை ஒவ்வொரு வீடும் தனித்தனியே தொடங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. எமது தமிழ்ப் பாடசாலைகள் விளையாட்டுப் போட்டியும் கலைவிழாவும் நடத்துகின்றன. வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கால்வாய்ப் பயண நாளாக ஒதுக்குவது அவற்றிற்குக் கடினமான காரியமன்று. போகும்போது மிதித்துச் சென்று, களைத்த பிள்ளைகளுடன் புகையிரதத்தில் திரும்பலாம்; வண்டிக்குத் தனிச்சீட்டு எடுத்தால் சரி. வழியில் இறங்கிப் புட்டும் சம்பலும் உண்ணலாம். நாரையின் தமிழ்ப் பெயரை ஆசிரியர் சொல்லிக் கொடுக்க, அதன் ஜேர்மன் பெயரைப் பிள்ளைகள் எமக்குச் சொல்லித் தரட்டும்.

அடுத்த தேர்த் திருவிழாவிற்கு அயல் நகரங்களிலுள்ள இளங்குடும்பங்கள் சிலவாவது கால்வாய் வழியே ஊன்றொப் வந்து சேரட்டும். வாகனத் தரிப்பிடம் தேடி அலையும் சிரமம் அவர்களுக்கு இராது. எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்கத் தேவையில்லாத, கட்டணம் எதுவும் இல்லாத இப்பாதையில் எமது வரிப்பணமும் சேர்ந்திருக்கிறது. வீட்டின் நிலவறையில் தூசி படிந்து கிடக்கும் வண்டிகளை இந்த வாரமே வெளியே எடுத்துக் காற்றடித்துப் பார்ப்போமாக.