ஆறாத கால் புண்: மருந்து ஏன் தோற்கிறது?

செபராங் ஜெயா – இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் என்று 2019 ஜூலையில் தொடங்கிய வரி, 2025 ஜனவரி முதல் 90 சென்னாக உயர்ந்துள்ளது. இனிமேல் நோய் வராமல் தடுக்க இது ஓரளவு கைகொடுக்கலாம். ஆனால், ஏற்கனவே நீரிழிவோடு வாழ்பவர்களின் கால்களைப் பற்றிய பேச்சு நம் சமூகத்தில் இன்னும் குறைவாகவே இருக்கிறது.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையே இது நால்வரில் ஒருவருக்கும் அதிகம். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், ஆறாத கால் புண்ணுடன் செபராங் ஜெயா மருத்துவமனைக்கு நடந்தவர் ஒருவரையாவது பலருக்குத் தெரிந்திருக்கும்.

“எத்தனை மருந்து சாப்பிட்டும் ஆறவில்லையே” என்பதுதான் வழக்கமான புலம்பல். இதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

கிருமிகள் எப்போதும் தனித்தனியாகத் திரிவதில்லை. புண்ணின் மேல் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி வழவழப்பான பசையைச் சுரந்து, கூட்டமாகக் குடியேறுகின்றன. இதுவே பயோஃபிலிம் எனப்படும் கிருமிப் படலம். காலையில் பல் துலக்கும்போது நாம் தேய்த்தெடுக்கும் படிவும் இதே வகைதான்.

இந்தப் பசை, உடலின் எதிர்ப்பு அணுக்களையும் மருந்தையும் தடுக்கிறது. அதன் அடியில் சில கிருமிகள் வளராமல் உறங்கிக் கிடக்கின்றன. வளரும் கிருமியைத் தாக்கும் மருந்து உறங்கும் கிருமியை எளிதில் கொல்லாது. மாத்திரை முடிந்ததும் அவை மீண்டும் பெருகுகின்றன. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட 50 புண்களில் 30இல் இப்படலம் காணப்பட்டது. புதிய காயங்கள் 16இல் ஒன்றில் மட்டுமே இருந்தது.

அதனால்தான் மருத்துவர்கள் புண்ணைச் சுரண்டி, அழுகிய சதையை அகற்றுகிறார்கள். சுத்தம் செய்த பிறகும் படலம் இரண்டு மூன்று நாள்களில் மீண்டும் உருவாகக்கூடும். ஆகவே, ஒருமுறை செய்தால் போதாது. குறித்த நாளில் மறுபடியும் போக வேண்டும். இரத்த ஓட்டத்தைச் சோதிப்பதும், புண்ணின் மீது உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்வதும், சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துவதும் இதனோடு சேர்ந்தவை.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. “வெட்டுவார்கள்” என்ற சொல்லைக் கேட்டதுமே காலே போய்விடும் என்று பயந்து பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில், காலத்தோடு செய்யும் சிறிய வெட்டே பெரிய வெட்டைத் தவிர்க்க உதவுகிறது. தள்ளிப்போடும் நாள்களில் மஞ்சள், காப்பித்தூள், வீட்டில் மீந்த ஆண்டிபயோடிக் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் புண்ணுக்கு மருந்தாகிறது. அரைகுறையாகச் சாப்பிடும் ஆண்டிபயோடிக், மருந்துக்கு மசியாத கிருமிகளையும் வளர்த்துவிடுகிறது.

வலி இல்லாததும் ஓர் ஆபத்து. நீரிழிவால் நரம்பு மரத்துப் போனவருக்கு, தொழிற்சாலையில் நாள் முழுதும் அணியும் பாதுகாப்புக் காலணியின் உராய்வு தெரியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடக்கும்போது, சுடும் தார்ச்சாலை எழுப்பும் கொப்புளமும் தெரியாது. வேண்டுதல் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்வதும், வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பதும் நல்லது.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால், வேலைக்கு விடுப்பும் போய்வர வாகனமும் கிடைக்காததால் கட்டு மாற்றும் நாளைத் தவறவிடுவோர் உண்டு. கோயில்களும் பொது இயக்கங்களும் நடத்தும் மருத்துவ முகாம்களில் இரத்தச் சர்க்கரையோடு பாதத்தையும் பரிசோதித்தால், பல புண்கள் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தினமும் இரவில் பாதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவரின் காலில் சிறு புண் தெரிந்தாலும், ஓரிரு நாளுக்குள் கிளினிக்கில் காட்டிவிட வேண்டும்.