பாட்டு கிளாஸுக்கு எத்தனை பேரு?

2023க்குப் பிறகு எங்க தோட்டப் பக்கம் ஒரு பேச்சு கூடிப்போச்சு. ஜீ தமிழ் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் புசல்லாவை நயாப்பனைத் தோட்டத்து அசானி பாடினார். அதே மேடையில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா பட்டம் வென்றார். அன்றிலிருந்து, "நம்ம புள்ளையும் நல்லாத்தானே பாடுது, எங்கயாவது கிளாஸுக்கு அனுப்பலாமா?" என்று லயத்துக்கு லயம் கேட்கிறார்கள். சந்தோஷமான கேள்விதான். ஆனால் அடுத்த கேள்வி எப்பவும் "மாசம் எவ்வளவு?" என்பதாகவே இருக்கிறது. அங்கேதான் நாம் கணக்கைத் தவறவிடுகிறோம்.

ஒரு வகுப்புக்கு 1000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் நாலு வகுப்பு, 4000 ரூபா. வகுப்பு சனிக்கிழமை டவுனில். பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியாது, அம்மா கூடப் போகணும். அம்மா போனால் அன்றைக்குப் பேரு இல்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கிலேயே நாலு சனிக்கிழமைக்கு 5400 ரூபா போச்சு. டீச்சருக்குக் கொடுப்பதைவிட, டீச்சரிடம் போய்வருவதற்காக இழப்பது அதிகம்! இரண்டு பேருக்கான பஸ் காசு வேறு. பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் கணக்கு ஏறத்தாழ இதுதான். மூன்றாம் மாதம் பிள்ளை நின்றுவிட்டால், "அதுக்கு ஆர்வமில்ல" என்று சொல்லிவிடுகிறோம். நின்றது ஆர்வத்தால் அல்ல.

உண்மையில் இது பாடசாலையிலேயே கிடைக்க வேண்டியது. சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். எங்களில் பலர் படித்த பாடசாலைகளில் அதற்கு ஆசிரியர் இருக்கவில்லை. பாட ஆசைப்பட்டவர்களும் சித்திரம்தான் எடுத்தோம். ஆசிரியர் நியமனம் கேட்டுக் குரல் கொடுப்பதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை. ஆனால் அதுவரை பிள்ளையின் வயது காத்திருக்காதே.

அதனால் எங்கள் யோசனை இது: பிள்ளையை டீச்சரிடம் அனுப்புவதற்குப் பதிலாக டீச்சரைத் தோட்டத்துக்கு அழைப்போம். எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு 500 ரூபா என்றால் ஒரு நாளுக்கு 4000 ரூபா சேரும். வந்துபோகும் செலவையும் அதற்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். கோயில் மண்டபமோ, சனசமூக நிலையமோ, பிள்ளை பராமரிப்பு நிலையமோ இடத்துக்குப் போதும். அம்மாவின் பேரும் மிஞ்சும். கூட்டமாகப் பாடினால் ஒவ்வொரு குரலையும் கவனிக்க முடியாதே என்பது நியாயமான கேள்வி. வகுப்பு முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிஷம் தனியாகப் பாடவைத்துக் கேட்கச் சொல்லி முதல் நாளே பேசிவிட வேண்டும்.

சரி, எந்த டீச்சர்? சுவரில் தொங்கும் சான்றிதழையும் மேடைப் படத்தையும் பார்த்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள். அவர் பாடுவதை மட்டும் கேட்காமல், அவரிடம் இரண்டு வருஷம் படித்த பிள்ளை பாடுவதையும் கேளுங்கள். காசு கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உட்காரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பவே வேண்டாம்.

பிள்ளையின் குரலுக்கு ஏற்றபடி சுருதி வைக்கிறாரா, தன் சுருதிக்கே எல்லாரையும் இழுக்கிறாரா என்று கவனியுங்கள். எட்டாத சுருதியில் கத்திப் பாடுவது பயிற்சி ஆகாது. தொண்டை வலித்தாலோ கம்மினாலோ "நிறுத்து" என்று சொல்பவர்தான் நல்ல டீச்சர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். அப்போது "உனக்குப் பாட்டு வராது" என்று அனுப்பிவிடாமல், சுருதியைக் குறைத்துப் பொறுமையாகக் கொண்டுபோக வேண்டும்.

டவுனில் கிடைப்பவர் சிங்களத்தில், வட இந்திய இசை முறையில் சொல்லிக்கொடுப்பவராகவும் இருக்கலாம். குரலைப் பழக்க அது தடையே இல்லை. ஆனால் சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதமோ, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையோ எழுதும் எண்ணமிருந்தால் பாடத்திட்டம் வேறு என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். பரீட்சைக் கட்டணம் யார் பொறுப்பு, மழையில் ரோடு மூடிய நாளுக்குக் காசு உண்டா என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, எங்களுக்கு முக்கியமான ஒன்று. எங்களில் ஒருத்தி முதல் வகுப்பில் வாய் திறந்ததும், "இது என்ன தோட்டத்துப் பேச்சு?" என்று எல்லாரும் சிரிக்கும்படி கேட்கப்பட்டது. இரண்டாம் வகுப்புக்கு அவள் போகவில்லை. இன்றைக்கும் சமைக்கும்போது மட்டும்தான் பாடுவாள். அந்தப் பேச்சில்தான் நம்ம அப்பாயிகள் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார்கள். மாசி மாதக் காமன் கூத்தின் பாட்டும் அதில்தான். மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டி மேடைகளில் பாடி, 1940இல் நூலாகவும் வெளியிட்டார். சி.வி. வேலுப்பிள்ளை தேடித்தேடித் தொகுத்ததும் இந்த மக்களின் பாட்டுகளைத்தான். உச்சரிப்பைத் திருத்தலாம், அது டீச்சரின் வேலை. பிள்ளையின் ஊரைச் சொல்லிக் கேலிசெய்ய யாருக்கும் உரிமை இல்லை. அப்படிக் கேட்கிறவர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தாலும் நமக்கு வேண்டாம்.

உங்க லயத்தில் பாடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்? இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு டீச்சரைக் கூப்பிடலாம்.