சேற்றுக்குச் சொந்தக்காரர்கள்

மும்பையில் கடல் பார்க்க எல்லோரும் மேற்கே போகிறார்கள்: சௌபாத்தி, ஜூஹு. பறவை பார்க்க கிழக்கே போக வேண்டும். ஹார்பர் லைன் ரயிலில் சிவ்ரியில் இறங்கி, கிடங்குகளையும் லாரிகளையும் தாண்டி நடந்தால் பழைய படகுத்துறை. எதிரே தெரிவது பெரும்பாலும் சேறுதான்.

வானம் தெளிந்த ஜனவரிப் பிற்பகல் இதற்கு உகந்தது. கரை கிழக்கே பார்த்திருப்பதால் வெயில் நம் முதுகில் விழும். பறவைகளின் நிறம் எடுப்பாகத் தெரியும். ஆனால் கடிகாரத்தைவிட ஓதமே முக்கியம். நீர் ஏறிவிட்டால் அவற்றுக்கு நிற்க இடமில்லை. முழுவதும் வடிந்துவிட்டால் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் நமக்கு.

அந்த நேரத்தில் நடப்பது ஒரு விருந்து. கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பைக் கொத்துகிறது. உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, கண்ணால் தேடி எடுக்கிறது. கருவால் மூக்கன் நீண்ட அலகை ஆழச் செருகிப் புழுவை இழுக்கிறது. பூநாரையோ தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் வடிகட்டிப் பாசியை உண்கிறது. அதன் சிவப்பே அந்தப் பாசி தந்ததுதான். ஒரே இலை, ஆனால் அவரவர் பங்கு தனி. சண்டை குறைவு.

1990களில் இங்கே கூட்டமாக வரத் தொடங்கிய பூநாரைகள், தாணே கழியில் இன்று லட்சத்தைத் தாண்டுகின்றன. நகரத்தின் சாக்கடை கலந்து பாசி பெருகியதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாம் கழித்துவிட்டது அவற்றுக்கு உணவாகிறது. பெருமைப்படலாமா என்று தெரியவில்லை.

'வேஸ்ட்லேண்ட்' என்ற சொல்லைத் 'தரிசு' என்று பெயர்த்தே பழகிய கை என்னுடையது. உழ முடியாத, வரி தராத நிலத்துக்கெல்லாம் வெள்ளைக்காரர் காலத்து வருவாய்க் கணக்கு வைத்த பெயர் அது. பெயர் அப்படி விழுந்துவிட்டால், மண் கொட்டி நிரப்புவது வளர்ச்சி ஆகிவிடுகிறது. சேற்றை 'பந்தி' என்று எழுதியிருந்தால் கொட்டக் கை வருமா?

தாணே கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமானது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நல்ல செய்தி. ஆனால் எல்லைக்கோடு சிவ்ரியைத் தொடவில்லை. 2024 ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீட்டர் அடல் சேது புறப்படுவதே இந்தச் சேற்றின் மேலிருந்துதான்.

பறவைக்கு உண்ண ஓரிடம் போதாது. ஓதம் ஏறும்போது ஒதுங்கி நிற்க இன்னோரிடம் வேண்டும். அதற்காக அவை கழியைக் கடந்து நவி மும்பையின் ஆழமற்ற நீர்நிலைகளுக்குப் பறக்கின்றன. அங்கே அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. சமையலறையைக் காப்பாற்றிவிட்டுப் படுக்கையறையை விற்றால் அது வீடாகாது.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் நம்மவர்களுக்குச் சிவ்ரி சில கிலோமீட்டர்தான். மே மாதத்துக்குள் ஒரு நாள் போய் வாருங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓத அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். குழந்தைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அந்தச் சேற்றை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை அதைத் தரிசு என்று சொல்லாது.