உலைக்கல்லும் உரையும்

சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பிலே புறநானூற்றுப் பாடலொன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பிட்டங்கொற்றன் என்னும் வீரனுக்குக் கொல்லனது உலைக்கல்லை உவமை கூறும் பாடல் அது. அதிலே 'கூடம்' என்றொரு சொல் வரும். "ஐயா, மண்டபமா வந்து கல்லிலே மோதுகின்றது?" என்று ஒரு மாணவன் வினவ, வகுப்புச் சிரித்தது. கூடம் என்றால் சம்மட்டி என்று பொருள் கூறி நான் அப்பாற் சென்றேன். ஆயினும் அவன் வினா என்னை விடவில்லை. சம்மட்டியன்றோ ஓங்கி அடிப்பது? வீரனுக்கு அதனை உவமை கூறாது, அடிபடும் கல்லைப் புலவர் ஏன் கூறினார்?

அன்று மாலை எங்கள் ஊர் எல்லையிலிருந்த கொல்லர் பட்டடைக்குப் போனேன். உலைக்கல் என்னும் சொல்லை அங்கிருந்த முதியவர் அறியார். பட்டடை என்றே கூறினார். நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "சம்மட்டிக்கு எத்தினை தரம் பிடி மாத்திப்போட்டன், வாத்தியார்! பட்டடை அப்புவின்ரை காலத்துப் பட்டடை" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் படித்த உரைகளில் இவ்விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

குறுந்தொகையிலும் இத்தகையதோர் இடம் உண்டு. ஏழூர்களின் வேலைக்காக ஓரூரில் வைக்கப்பட்ட துருத்தியைப் போல் தன் நெஞ்சு ஓய்வின்றி வருந்துகின்றது என்கின்றாள் தலைவி. அவள் துயரை வியக்கின்றோம். ஏழூருக்கு ஓர் உலை என்னும் செய்தியை விட்டுவிடுகின்றோம். துருத்தியை அப்பாட்டு மிதிதோல் என்கின்றது. கையால் இழுக்கும் துருத்தியையே கண்ட எமக்கு, காலால் மிதித்து ஊதிய காலமும் இருந்தது என்பதை அவ்வொரு சொல் காட்டுகின்றது. வரலாற்றாசிரியர் இதனைவிட வேறென்ன சான்று வேண்டுவர்?

நம் நாட்டு இரும்பின் வரலாறு இருவகைத் தொழிலாளரின் வரலாறாகும். கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தவர் ஒருவர். அதனைக் காய்ச்சிக் கருவியாக வடித்தவர் மற்றவர். முன்னவரின் திறமை சிறிதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவ மலைச்சரிவுகளிலே கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்த உலைகளைக் கில் ஜூலெவ் என்னும் ஆங்கில அம்மையார் ஆராய்ந்தார். அவற்றை ஊதத் துருத்தி வேண்டியிருக்கவில்லை. மேற்கு நோக்கிய சரிவிலே மோதும் தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது. 1994இல் அம்முறையிலேயே உலை கட்டி இரும்பு எடுத்துக் காட்டி, 1996இல் தம் முடிவை வெளியிட்டார். தமிழகத்துக் கொடுமணலிலும் இரும்புருக்கிய உலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. தென்னாட்டு உருக்கின் இயல்பை அறிய 1819இல் இலண்டனிலே அதனைச் சோதித்தவர் மைக்கேல் பரடே. அவர் ஒரு கொல்லனின் மகன் என்பது எனக்கு எப்பொழுதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பு முன்னவரின் உலையை அணைத்தது. மண்ணியல் ஆய்வாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, அழிந்துகொண்டிருந்த அத்தொழிலை 1908இல் வெளியான தம் நூலிலே பதிந்திராவிடின் சிங்களக் கிராமத்தார் இரும்பெடுத்த முறை பற்றி நாம் அறியக்கூடியது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். பின்னவரோ பழைய இரும்பைக் கொண்டு நெடுங்காலம் பிழைத்தனர். 1990க்குப் பின் வடக்கிலே பொருட்தடை நிலவிய காலத்தில், லொறியின் வில்லுத்தகடு மண்வெட்டியாகவும் பாளைக்கத்தியாகவும் மாறியதை நான் நேரிற் கண்டேன். சிரட்டைக்கரி மணக்கும் அந்தப் பட்டடைகள் அன்று எங்கள் வயல்களைக் காத்தன. அவற்றுக்குள் நுழைந்து ஒரு சொல்லையேனும் எழுதிவைக்க எங்கள் தமிழ்க் கல்விக்குத் தோன்றவில்லை. தொழிலைத் தாழ்த்திய மனம் சொல்லையும் தாழ்த்திற்று. வேறு காரணம் கூறுவது பொய்யாகும். கைத்தொழிற் சொற்களைத் தொகுக்கலாம் என்று ஒரு கூட்டத்திலே நான் சொன்னபோது, "அது பண்டிதருக்கு உரிய வேலையா?" என்று கேட்டவரும் உண்டு. உலையைக் காணாதவர் சங்கப் பாட்டுக்கு உரை சொல்வதுதான் பண்டிதருக்கு உரிய வேலையோ?

அம்முதியவரிடம் பின்னர் பலமுறை சென்றேன். எழுபதுக்கு மேற்பட்ட சொற்களைக் குறித்துக்கொண்டேன். காய்ச்சிய இரும்பை நீரிலே தோய்த்து, மீளச் சிறிது சூடேற்றும்போது அதன்மேல் வைக்கோல் நிறம் தொடங்கி நீலம் வரை நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கத்திக்கு ஒரு நிறத்திலும் உளிக்கு வேறொரு நிறத்திலும் நிறுத்தவேண்டும். அந்நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. அடுத்த விடுமுறையிலே எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விடுமுறைக்கு முன் அவர் காலமானார். மகன் வெளிநாட்டில், பட்டடை பூட்டிக் கிடக்கின்றது.

வன்னியிலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ அப்பெயர்களை அறிந்தவர் எவரேனும் இருப்பின், இப்பகுதிக்கு எழுதுமாறு வேண்டுகின்றேன். என் குறிப்பேட்டிலே அவற்றுக்கென ஒரு பக்கம் விட்டிருக்கின்றேன்.