புது மிதிவண்டிக்கு முக்காடு எதற்கு?

(இரண்டாமாண்டு இளநிலை அறிவியல், வேதியியல்)

நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகையை ஒருமுறை சுற்றி வாருங்கள். புதிதாக வாங்கிய வண்டிகளைக் கண்டுபிடிப்பது மிக எளிது. தொழிற்சாலையில் சுற்றி அனுப்பிய பாலிதீன் உறை பாரின் மீது அப்படியே இருக்கும். அதன்மேல் வண்ண வண்ண ஒட்டுநாடா. சிலர் ரெக்சினில் உறை தைத்துப் பொத்தானும் வைத்திருப்பர். 'மலைச் சைக்கிள்' என்று நாம் அழைக்கும் குண்டு டயர் வண்டியானால் கேட்கவே வேண்டாம். கழுத்து முதல் பின்சக்கரம் வரை போர்த்திக்கொண்டு காய்ச்சல்காரனைப் போல் நிற்கும். வாங்கி ஓராண்டு ஆன பின்னும் தன் வண்டி என்ன நிறம் என்பது உடையவனுக்கே ஐயம்!

இந்த முக்காட்டைக் கழற்றி எறிய வேண்டும் என்பது என் கட்சி. வண்டி பழையதானால் ஆகட்டும் என்ற அலட்சியத்தில் இதைச் சொல்லவில்லை. வண்டி நெடுநாள் உழைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறேன்.

உறை சுற்றுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம்மில் பலருடைய வீடுகளில் புதுப் பொருள் என்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. நாற்காலி வாங்கினால் அதன் பிளாஸ்டிக் தாளைக் கிழிப்பதில்லை. பீரோ வாங்கினால் அதன்மேல் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டைக்கூட எடுப்பதில்லை. இது போனால் இன்னொன்று வாங்க இயலாது என்ற அச்சம் அது. அந்த அச்சத்திற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த அச்சத்தையே தின்று வளர்கிறது துரு!

எப்படி என்கிறீர்களா? நம் வேதியியல் ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த எவன்ஸ் என்ற அறிஞரின் பெயரால் அது 'எவன்ஸ் துளி' எனப்படும். ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். சாதாரண உப்புக் கரைசலில் சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சிறிது பினாப்தலீனும் கலந்து ஒரே ஒரு துளியைத் தகட்டின் மேல் விடுங்கள். சில நிமிடங்களில் துளியின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும். நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது என்று பொருள். இளஞ்சிவப்பு என்றால் அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரிந்து காரத்தன்மை உண்டாகிறது என்று பொருள். இதில் வியப்பு என்னவென்றால், காற்று நன்றாகக் கிடைக்கும் விளிம்பு பிழைத்துக்கொள்கிறது. காற்று எட்டாத நடுப்பகுதிதான் அரிக்கப்படுகிறது. காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இப்போது உங்கள் பாலிதீன் உறையை நினைத்துப் பாருங்கள். மழைநீரும் வியர்வையும் ஓரங்களின் வழியே உள்ளே இறங்குகின்றன. வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்த ஈரம் எளிதில் வெளியே வராது. உள்ளே பெயிண்டில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தால் போதும். உறைக்குள் இருக்கும் அந்த இடம் எவன்ஸ் துளியின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. வியர்வையின் உப்பு மின்னோட்டத்திற்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. பெயிண்ட் முழுதாக இருக்கும் இடத்தில் இந்த ஆபத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உறைக்குள் பெயிண்ட் முழுதாக இருக்கிறதா என்று யார் பார்த்தது?

'உள்ளே கீறல் எப்படி வரும்? அதற்குத்தானே உறை?' என்று கேட்பீர்கள். மணல் வழியாக வரும். தாதுப்பொருள்களின் கடினத்தை அளக்க மோஸ் என்பவர் 1812இல் வகுத்த அளவுகோலில் குவார்ட்ஸ் மணலுக்கு 7ஆம் இடம். நம் விரல்நகத்திற்கு ஏறத்தாழ இரண்டரை. சைக்கிள் பெயிண்ட் மணலுக்கு ஈடுகொடுக்க முடியாது. சாலைத் தூசியில் இந்த மணல் நிறைய உண்டு. உறைக்குள் புகுந்த மணல், வண்டி குலுங்கும்போதெல்லாம் உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. காலையில் வண்டியை எடுத்ததும் காய்ந்த துணியால் 'பளபள'வென்று துடைக்கிறோமே, அதுவும் இதே கைங்கரியந்தான். முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றித் தூசியைக் கழுவிய பின்பே துணி படவேண்டும். தேங்காய் எண்ணெய் பூசுகிற வழக்கம் வேறு சிலருக்கு. எண்ணெயின் மினுமினுப்பு ஒருநாள் நிற்கும். அதில் ஒட்டிய தூசி ஒரு மாதம் நிற்கும்.

மலைச் சைக்கிளின் பிறப்பை அறிந்தவர்கள் அதற்கு உறை மாட்டமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1970களில் சில இளைஞர்கள், அதற்கும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கனத்த பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைச்சரிவில் ஓட்டி இறங்கினார்கள். 1976இல் அங்கே 'ரீபேக்' என்ற பந்தயம் தொடங்கியது. ஒருமுறை இறங்கி வருவதற்குள் பின்சக்கரப் பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து போய்விடும். மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிதாக ஒரு பிரேமைக் கட்டினார். ஆக, கீறல் விழுந்த பழைய இரும்பிலிருந்து, கீறல் விழுவதற்கென்றே பிறந்த வண்டி அது. அதற்கு நாம் முக்காடு போடுகிறோம்!

அந்த மலைகளில் ஓட்டுகிறவர்களும் பிரேமைக் காக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கே உரசுமோ அங்கே மட்டும் காக்கிறார்கள். குண்டும் குழியுமான பாதையில் செயின் துள்ளி, பின்சக்கரத்தைத் தாங்கும் கிடைக்குழாயில் 'டக் டக்' என்று அடிக்கும். அந்த இடத்தில் பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுக்கமாகச் சுற்றிவிடுவார்கள். பிரேக் ஒயரும் கியர் ஒயரும் ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் கழுத்துக்குழாயில் தேய்க்கும். அங்கே அரை விரல் நீளத்திற்கு ஒட்டும் தாள். வசதியுள்ளவர்கள் ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் தாளை ஒட்டுகிறார்கள். ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை விளிம்பை மணல் அரிக்காமல் காக்க ஒட்டும் தாளின் வழிவந்தது அது. 'ஹெலிகாப்டர் டேப்' என்றே பெயர். பாலிதீன் உறையைப் போல அது தொளதொளவென்று நிற்பதில்லை. இடைவெளியின்றிப் படிவதால் நீரும் மணலும் உள்ளே புக வழியில்லை.

நமக்குப் பழைய டியூபே போதும். நம் வண்டிகளில் பெரிய எதிரி மலையும் இல்லை, பாறையும் இல்லை. நாமே தொங்கவிடும் பூட்டுச் சங்கிலி. அதற்கு ஒரு டியூப் உறை மாட்டினால் பிரேமுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. டியூப் சுற்றிய இடத்திலும் ஈரம் தங்கும் என்பதால் மாதம் ஒருமுறை அவிழ்த்துத் துடைத்துக் காயவிட்டுச் சுற்ற வேண்டும். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படுகிறவர் டியூபும் சுற்றாமலிருப்பதே நலம். பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் சில வண்டிகளில் ஒரு சிறு துளை இருக்கும். சீட்டுக் குழாய் வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. சேறு அடைத்திருந்தால் ஒரு ஊசியால் குத்தி விடுங்கள். வெளிக்கீறலுக்கு அழுகிற நாம் உள்ளிருந்து தின்னும் துருவை நினைப்பதில்லை.

உறைக்கு எதிராக நான் சொல்லும் முதன்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. குழாயும் குழாயும் சேரும் பற்றவைப்பு இடங்களில், முக்கியமாகக் கழுத்துக்குக் கீழே, விரிசல் விழுவதுண்டு. முதலில் அது பெயிண்டில் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். சாதாரணக் கீறல் கையால் தடவி மறந்துவிடக் கூடியது. விரிசலோ பின்னால் தங்கையை உட்கார வைத்துப் பாலத்தில் இறங்கும்போது வண்டியை இரண்டாக்கக் கூடியது. கழுவும்போது கண்ணில் பட்டால் பற்றவைப்புப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். முக்காட்டுக்குள் இருந்தால் அது யார் கண்ணில் படும்?

கீறல் விழுந்துவிட்டால் என்ன செய்வது? பெயிண்டின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரும்பு தெரிந்தால் மட்டும், அந்த இடத்தை உப்புத்தாளால் துரு போகத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ரெட் ஆக்சைடு ஒரு பொட்டு, அதன்மேல் பெயிண்ட் ஒரு பொட்டு. துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது புண்ணை மூடித் தைப்பதற்குச் சமம். பெயிண்ட் வாங்க முடியாதவர்கள் அக்காள் தங்கைமாரின் நகப்பூச்சைக் கேட்டு வாங்கலாம். நன்றாகவே பிடிக்கும்; நிறம் பொருந்துவது அவரவர் நல்லூழ்.

'கீறல் இருந்தால் விற்கும்போது விலை போகாதே' என்கிறான் என் நண்பன் ஒருவன். வாங்கிய மறுநாளே விற்கும் நாளை எண்ணுகிறவனுக்கு நான் என்ன சொல்ல? ஓட்டுகிறவன் பார்வையில், டயர் போனால் டயர் மாற்றலாம், செயின் போனால் செயின் மாற்றலாம். பிரேம் போனால் அது சைக்கிளே இல்லை, எடைக்குப் போடும் இரும்பு. நம் அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கி, 2005-06இல் விரிவாக்கிப் பதினோராம் வகுப்பில் வழங்கிவரும் விலையில்லா மிதிவண்டியை ஓட்டிக்கொண்டே கல்லூரிக்கு வருகிறவர்கள் நம்மிடையே பலர். அண்ணன் படித்து முடித்ததும் அதே வண்டியில் தம்பி வேலைக்குப் போகிறான். அத்தகைய வண்டியின் ஆயுள் இரண்டு ஆண்டு நீண்டால், அந்த வீட்டுக்கு இரண்டு ஆண்டுப் பேருந்துச் செலவு மிச்சம்.

இனி நம் கொட்டகைக்கு வருவோம். பாதி இடத்திற்குத்தான் கூரை உண்டு. வண்டிகளைச் சாய்க்கும் இரும்புக் கம்பிகளோ முனை மழுங்காதவை. வீட்டில் கண்ணின் மணியாய்ப் பேணிய வண்டி ஒன்பதரை மணிக்கு உள்ளே போய் மாலையில் நான்கு புதுத் தழும்புகளுடன் வெளியே வருகிறது. கூரைக்கு நிதி வேண்டும். அதற்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருப்போம். கம்பிகளுக்குப் பழைய டியூப் சுற்ற நிதி வேண்டாம். எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்டுப்போட முடியாத டியூபுகள் குவியலாய்க் கிடக்கின்றன, கேட்டால் தருவார்கள். கொட்டகையில் நாற்பத்திரண்டு கம்பிகள் உள்ளன, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு டியூப் இரண்டு கம்பிக்குக் காணும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு சனிக்கிழமை முற்பகலை ஒதுக்கினால் முடிந்துவிடும். பேராசிரியர்கள் இசைவு தந்தால் இருபத்தொரு டியூபுகளுக்கும் ஒரு கத்தரிக்கோலுக்கும் நான் பொறுப்பு.