தொகைச்சொல்லும் விரியும்: கலைச்சொல்லாக்கத்தில் வேண்டப்படும் ஒரு வரையறை

புதிய கலைச்சொற்களுள் மிகப் பல தொகைச்சொற்களாகவே அமைகின்றன. இரு சொற்களை இணைப்பது எளிது. அவற்றிடையே மறைந்து நிற்கும் உறவை வரையறுப்பதே அரிது.

தொகையின் பொருள்மயக்கத்தைத் தமிழிலக்கணம் முன்பே கண்டுள்ளது. மயங்கும் தொகை இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களைத் தரும் என்பது நன்னூலார் கொள்கை. 'மரவேலி' என்பதற்கு மரத்தைக் காக்கும் வேலி, மரத்தால் ஆகிய வேலி முதலாக ஆறு விரிகளை உரையாசிரியர் காட்டுவர்.

இதே மயக்கத்தை எதிர்கொண்ட செயற்கை மொழி லோஜ்பான். 1987 முதல் வடிவமைக்கப்பட்ட இம்மொழியில் 'கெர்கு' நாயையும் 'ஸ்தானி' உறைவிடத்தையும் குறிக்கும். இவை தனிச்சொற்களாக அடுத்து நிற்பின் நாய் உறையும் வீடு, நாய் வடிவ வீடு எனப் பல பொருள்படும். 'கெர்ஸ்தா' என ஒரு சொல்லாகச் சுருங்கின் பொருள் ஒன்றே. உறைவிடம் எது, அதில் உறையும் நாய் எது, அந்நாயின் இனம் யாது என்னும் பொருளிடங்களும் அச்சொல்லுடன் வரையறை பெறுகின்றன.

தமிழில் 'மின்' என்னும் முன்மொழியை நோக்கலாம். மின்வெட்டு மின்சாரத்தை நிறுத்துதல். மின்வேலி மின்சாரம் பாய்ச்சிய வேலி. மின்காப்பு மின்சாரத்திலிருந்து காத்தல். மின்னூல் மின்னணு வடிவிலான நூல். வேலியும் காப்பும் பொருளால் அணுக்கமானவை. எனினும் மின்வேலியைத் தொடுவது தீங்கு. மின்காப்போ அத்தீங்கைத் தடுப்பது. ஒன்றன் விரியைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணரும் மாணவர் பிழைபடுவது உறுதி.

சென்னைக் கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் கலைச்சொல் தொகுப்புகள் பெரும்பணி ஆற்றியுள்ளன. ஆயினும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச்சொல்லை நிறுத்தும் அமைப்பே இத்தகைய தொகுப்புகளில் பெருவழக்கு. அவ்வமைப்பில் ஆங்கிலம் அறிந்தவருக்கே தமிழ்ச்சொல்லின் பொருள் தெளிவாகும். தமிழ்வழி பயில்வோர்க்குத் தொகை விரியாமலே நின்றுவிடும்.

வழக்கே பொருளை உறுதிசெய்யும் என்பர். அது வழக்கில் நிலைபெற்ற சொல்லுக்குப் பொருந்தும். இன்று ஆக்கப்படும் சொல்லுக்கு வழக்கு இனிமேல்தான் தோன்ற வேண்டும். எனவே ஒவ்வொரு புதிய தொகைச்சொல்லுடனும் அதன் விரி, தொகைவகை, அது வேண்டிநிற்கும் பொருளிடங்கள் ஆகிய மூன்றும் பதிவுபெறுதல் வேண்டும். சான்றாக, 'காப்பு' என்பதற்குக் காப்பது, காக்கப்படுவது, எதிலிருந்து காக்கப்படுகிறது என மூன்று இடங்கள் உண்டு. மின்காப்பில் 'மின்' நிற்பது மூன்றாம் இடத்தில். இவ்வொரு குறிப்பே மயக்கத்தை நீக்கிவிடும். இதற்குரிய கருவிகளைத் தொல்காப்பியத்தின் வேற்றுமையியலும் எச்சவியலும் வகுத்தளித்துள்ளன. அவற்றைப் பழைய நூல்களின் உரைவிளக்கத்திற்கு மட்டுமின்றிப் புதுச்சொல்லாக்கத்திற்கும் பயன்கொள்வது தமிழ்த்துறைகளின் கடமையாகும்.